தேம்ஸ் ஓரமாக லண்டனுக்குள்

புறநகரிலிருந்து லண்டனுக்குள் சைக்கிளில் நுழைய நெடுஞ்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத்தான் அவற்றில் நாட்டமில்லை. லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கியே ஊர் வந்து சேர்ந்துவிடும். வழியில் எதைப் பார்த்தோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் தென்மேற்கே ஹாம்ப்டன் கோர்ட்டில் தொடங்கி, கூடியவரை தேம்ஸ் நதியை விடாமல் டவர் பிரிட்ஜ் வரை போவதென்று நானும் என் மைத்துனனும் கிளம்பினோம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இதற்கு ஒரு முழுப் பகலா என்று வேகக்காரர்கள் சிரிக்கட்டும். படகு இழுக்கும் குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதையில் பறப்பதற்கு என்ன அவசியம்?

மன்னர் எட்டாம் ஹென்றி வாழ்ந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பூங்காவைச் சுற்றிக்கொண்டு பாதை கிங்ஸ்டன் பாலத்துக்கு வருகிறது. அங்கே அக்கரைக்கு மாறினோம். சரளைக் கற்கள், இரண்டு பக்கமும் காஞ்சொறிச் செடி, முன்னால் நாய்களோடு நடப்பவர்கள். மணியடித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் வழி கிடைக்கும்.

டெடிங்டனில் தடுப்பணையும் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளும் இருக்கின்றன. கடல் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நதிக்குள் ஏறி வருவது வழக்கமாக இங்கேதான் நிற்கிறது. அணைக்கு மேலே அசையாத தண்ணீர், அன்னங்கள், வரிசையாகக் கட்டிய படகுகள். கீழே நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் வேறொரு நதி. லண்டன் பாலத்தை அடையும்போது அந்த ஏற்ற இறக்கம் 7 மீட்டர் வரை போகும். ஓத அட்டவணையை நான் கைபேசியில் புரட்டுவதைப் பார்த்து, "அத்தான், சைக்கிளுக்கும் ஓதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் மைத்துனன்.

ரிச்மண்டில் அவனுக்கே புரிந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரோதத்தில் அங்கே கரைப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். நாங்கள் போனபோது நீர் வடிந்திருந்தது. ஆனால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வழுவழுவென்று பச்சைப் பாசி, பெஞ்சுகளின் கால்களில் காய்ந்த சேறு, படிக்கட்டில் சிக்கிய மரக்கிளை. பெஞ்சைத் தொட்டுப் பார்த்தவன், உட்காராமலே சைக்கிளில் ஏறிவிட்டான்.

கியூ தோட்டத்தின் மதிலைத் தாண்டி மோர்ட்லேக் வந்தால் துடுப்புப் படகுகளின் ராஜ்யம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி புட்னியிலிருந்து இங்கே வரைதான், 6.8 கிலோமீட்டர். மற்ற நாட்களில் பயிற்சி நடக்கிறது. பயிற்சியாளர் கரையில் சைக்கிளில் வருகிறார். ஒரு கையில் ஒலிபெருக்கி, கண் முழுக்கத் தண்ணீரில். எதிரே ஆள் வருவதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. புல்லில் இறங்கி வழிவிட்டோம். லாரிகளே தேவலை என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

ஹாமர்ஸ்மித் பாலத்தில் கார்களே இல்லை. 1887இல் திறந்த தொங்கு பாலம். வார்ப்பிரும்பு ஆதாரங்களில் விரிசல் கண்டதால் 2019 ஏப்ரலில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸை நம்பியிருந்தவர்களுக்குப் பெரும் தொல்லை. எங்களுக்கோ மாநகரின் நடுவே ஒரு பாலம் முழுவதும் கிடைத்தது. கட்டியவர் பொறியாளர் ஜோசப் பசால்ஜெட். அதற்கு அப்புறம் நாங்கள் மிதித்த செல்சி கரை, பிறகு விக்டோரியா கரை இரண்டும் அவர் நதியிலிருந்து மீட்டுக் கட்டியவைதான்.

காரணம் நாற்றம். 1858 கோடையில் கழிவெல்லாம் நதியில் கலந்து, நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்ட உறுப்பினர்கள், பசால்ஜெட் கழிவுநீர்க் குழாய்களைக் கட்டப் பணத்தைச் சட்டென்று ஒதுக்கினார்கள். 1870இல் திறந்த விக்டோரியா கரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாயும் சுரங்க ரயிலும் ஓடுகின்றன. மேலே 2016இல் வந்த தனி சைக்கிள் தடம். கார்களுக்கும் நமக்கும் நடுவே கல் திட்டு, கண் மட்டத்தில் குட்டிச் சிக்னல் விளக்கு. நாள் முழுக்க இழுபட்ட கால்கள் இங்கேதான் ஒரே சீராகச் சுழன்றன. நகரத்துக்குள் நுழைந்த பிறகு சைக்கிள் ஓட்டுவது எளிதாகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஹங்கர்ஃபோர்டு பாலத்தருகே நதிச்சுவரில் பசால்ஜெட்டின் மார்பளவுச் சிலை இருக்கிறது. சிறியது. சுற்றுலாப் பயணிகள் எதிர்க்கரையின் ராட்டினத்தைப் படமெடுக்க அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்கள். பெருமழையில் அவருடைய குழாய்கள் நிரம்பி நதியில் வழிவதால், 25 கிலோமீட்டருக்குப் புதிய சுரங்கம் ஒன்றைத் தோண்டி 2025இல் முழுமையாக இணைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதுவும் இந்த நதிக்கு அடியிலேயே போகிறது.

டவர் பிரிட்ஜை எட்டியபோது மாலை. திரும்புவதற்கு வாட்டர்லூவிலிருந்து ரயில். இதே வழியில் போக நினைப்பவர்கள் வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். வார நாள் மாலை நெரிசலில் மடக்க முடியாத சைக்கிளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள்.