1.70 மீட்டர்: பெறாமகளோடு மிஸ் பிரான்ஸ் தெரிவுக்குப் போன கதை

அக்காவின் மகள் இந்த வருடம் மிஸ் இல்-து-பிரான்ஸ் (பாரிஸ் பிராந்திய அழகி) பட்டத்துக்கான முதல்கட்டத் தெரிவுக்குப் போனாள். கிரீடம் கிடைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், முடிவு தெரிவதற்காக யாரும் கடைசிவரை வாசிக்க வேண்டாம். வாசலைத் தாண்டவே நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். பிரான்சில் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் இனியும் போவார்கள்.

டிசம்பரில் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்த மேடைக்கு ஒவ்வொரு பிராந்தியத்திலிருந்தும் ஒருத்திதான் போகலாம். எங்கள் பக்கத்தில் அதற்கும் முன்னால் மாவட்ட அளவில் ஒரு சுற்று. மனுவை இணையத்தில் நிரப்புவது சுலபம். குற்றப் பதிவு இல்லை என்ற பத்திரம், அதாவது மூன்றாம் எண் பத்திரம், நீதி அமைச்சின் தளத்தில் இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில் காசு கேட்கும் தளங்களும் இருக்கின்றன, அவற்றில் விழாதீர்கள்.

சிக்கல் முகவரிச் சான்றில் தொடங்கியது. பிள்ளை தாய் தகப்பனோடுதான் இருக்கிறாள், கரண்ட் பில் அத்தான் பெயரில். இப்படியான வீட்டில், 'இவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்' என்று அத்தான் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, பில் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். அது நமக்குத் தெரிந்ததுதான், வைத்தோம். கோப்பைப் பார்த்த பெண்மணி அத்தானின் அட்டையையும் பிள்ளையின் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மனிதர் யார்?" என்று கேட்டார்.

அத்தானுக்கு இங்கே குடும்பப் பெயராகப் பதியப்பட்டது அவருடைய அப்பாவின் பெயர். பிள்ளை பிறந்தபோது அவர் ஊர் வழக்கப்படி தன் பெயரையே அவளுக்குக் குடும்பப் பெயராகக் கொடுத்தார். ஆக, அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு இன்னொன்று. எங்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கிறது. விளங்கப்படுத்தினேன். பெண்மணி சிரித்துக்கொண்டே தலையாட்டினார், கோப்பை மட்டும் வாங்கவில்லை. தகப்பன் பெயர் இருக்கும் முழுப் பிறப்புப் பதிவு வேண்டுமாம், அதுவும் மூன்று மாதத்துக்குள் எடுத்தது. இது அவர்கள் அனுப்பிய பட்டியலில் இல்லவே இல்லை. ஒரு சனிக்கிழமை வீணாகப் போனது.

பிறந்த ஊர் மெறியில், அதாவது நகரசபையில், அந்தப் பதிவை இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்று எடுத்துக் கோப்பில் வையுங்கள், தாய் தகப்பன், பிள்ளைகள் விபரம் பதிந்த குடும்பப் புத்தகத்தின் பிரதியையும் சேருங்கள். பெயர் ஒத்துப்போகாத வீடென்றால் கட்டாயம்.

அடுத்தது உயரம். 2022இல் விதிகளை நிறையத் தளர்த்தினார்கள். முன்பு 24 வயதுக்கு மேல் போக முடியாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது. இப்போது அதெல்லாம் இல்லை. செருப்பில்லாமல் 1.70 மீட்டர் என்ற விதியில் மட்டும் கை வைக்கவில்லை. 2021இல் ஒரு பெண்ணிய அமைப்பும் தெரிவாகாத மூன்று பெண்களும் சேர்ந்து இந்த மாதிரி நிபந்தனைகளுக்கு எதிராக பாரிஸ் புறநகரான பொபினியின் தொழில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பொபினி என்றால் நமக்கு விசாக் கார்ட் (வதிவிட அனுமதி) எடுக்க நிற்கும் வரிசைதான் ஞாபகம் வரும், அழகிப் போட்டி வழக்கும் அங்கேதான்!

பிள்ளையின் உயரம் 1.70தான். மயிரிழை கூடும், அவ்வளவுதான். அளந்ததோ மாலையில். அவள் காலையிலிருந்து பேக்கரியில் நின்று வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். நாள் முழுக்க நின்றால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான். போதாததற்கு அளந்த விதத்தைக் கேளுங்கள். வாடகை மண்டபச் சுவரில் ஒரு அளவு நாடாவை ஒட்டியிருந்தார்கள். சுவரின் அடியில் இரண்டு விரல் தடிப்பில் மரப்பட்டி ஓடுகிறது. குதிகால் அதில் முட்டி நின்றுவிட, முதுகு சுவரில் படவில்லை. "தலையைச் சுவரோடு சேர்" என்றார்கள். அவள் பின்னால் சாய்ந்தாள். சாய்ந்தால் குறையாமல் என்ன செய்யும்? "1.69. மன்னிக்க வேண்டும்" என்று அந்தத் தொண்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

"சித்தி, விடுங்கோ, போவம்" என்றாள் இவள்.

நான் விடவில்லை. சத்தம் போடவும் இல்லை. குடும்ப வைத்தியர் அளந்து எழுதித் தந்த துண்டைக் காட்டினேன். வெளிக் கடிதம் ஏற்க மாட்டோம் என்றார்கள், நியாயம்தான். ஆனால் அதைக் காட்டியதால்தான், "அப்படியென்றால் பட்டி இல்லாத இடத்தில் இன்னொரு முறை அளந்து பாருங்கள், மதாம்" என்று கேட்க வாய் வந்தது. கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கதவு நிலையோடு நிறுத்தினார்கள். தலையில் கை வைத்து அளக்க வந்தவரிடம் என் கோப்பைக் கொடுத்து, அதைத் தட்டையாக வைக்கச் சொன்னேன். 1.70, கோட்டுக்குச் சற்று மேலே. பேனாவால் 1.69ஐ வெட்டி 1.70 என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் பார்த்தால், எங்களுக்கு முன்னால் அளந்து அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையையும் வெளியே ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள்.

உங்கள் பிள்ளை எல்லையில் நிற்கிறாள் என்றால் காலையில் நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்று வேலைக்கு லீவு போடட்டும்.

மற்றதெல்லாம் சுமுகம். நடை, படம், பொது அறிவுத் தாள். நேர்காணலில் இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டே கேள்வி கேட்டார்கள், ஆகவே பழைய படங்களை முதலே ஒருமுறை பாருங்கள். நீச்சலுடை பற்றி அம்மாமார் கேட்பீர்கள். ஓம், இருக்கிறது. அக்கா ஒரு கிழமை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தானே கடைக்குக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தாள்.

காசு விஷயம். எங்களிடம் பதிவுக்கென்று ஒரு சதமும் கேட்கவில்லை. சப்பாத்துக்கும் உடுப்புக்கும் செலவானது நம் கைக்காசு. பிரான்சில் வேறு அழகிப் போட்டிகளும் நிறைய உண்டு. மிஸ் பிரான்சின் நெடுநாள் முகமாக இருந்த ஜெனவியேவ் து ஃபோந்தனேயே 2010இல் பிரிந்துபோய்த் தனியாக ஒன்று தொடங்கினார். அதனால் பெயரில் 'மிஸ்' இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இந்தத் தெரிவில் வென்றால் பிள்ளை எந்த மேடைக்குப் போவாள் என்பதை எழுத்தில் கேளுங்கள், காசு கட்டச் சொன்னால் இரட்டிப்பாகக் கேளுங்கள்.

இவள் கடைசிச் சுற்றுக்கு முதல் நின்றுவிட்டாள். பெரிய கவலை இல்லை. 2025ஆம் ஆண்டின் மிஸ் பிரான்ஸ் பட்டத்தை மார்த்தினிக்கிலிருந்து போய் வென்ற ஆஞ்சலிக் ஆங்கார்னி-ஃபிலோப்போனுக்கு 34 வயது, இவளுக்கு 20தான் ஆகிறது. அடுத்த முறையும் மனுப் போடப் போகிறாளாம். கரண்ட் பில்லில் மகள் பெயரையும் சேர்க்கச் சொல்லி அத்தான் இப்போதே ஃபோன் எடுத்துவிட்டார்.