இடத்தை மட்டும் கேட்காதே

செப்டம்பர் 21, 2024, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவர் விடியற்காலை மூன்றரைக்குக் கதவைத் தட்டி கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் என்ற ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார். அதை ஒட்டிய ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. எல்க் கத்துவதைக் கேட்கத்தான் வந்தோம். இருட்டில், புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒன்று குரல் கொடுத்தது. நம்ம ஊர்க் கடமானுக்கு உறவு, ஆண் என்றால் முந்நூறு கிலோ சாதாரணம். அந்த உடம்பிலிருந்து துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு கீச்சுக் குரல்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் முறைத்தார்.

ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் எல்க்கைச் சுட்டுச் சுட்டு ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டார்களாம். 1913, 1914இல் யெல்லோஸ்டோன் பக்கத்திலிருந்து 49 எல்க் கொண்டுவந்து விட்டார்கள்.

வெளிச்சம் வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்து அமுக்கினார். வெள்ளைப் பொடி புகை மாதிரி கிளம்பிச் சரிவில் கீழே போனது. "காலையில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி இறங்கும். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். சாயங்காலம் திரும்ப இறங்கும். எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதைக்கூட ஏமாற்றலாம். மூக்கை முடியாது." ஒரு மணி நேரம் இப்படியே பாடம். எதையும் ஒளிக்கவில்லை.

"சரி, அக்டோபரில் எங்கே போகிறீர்கள்?" என்றேன்.

"ஃப்ளாட் டாப்ஸ்."

அது ஏறக்குறைய 950 சதுர கிலோமீட்டர் காடு. வீடு எங்கே என்று கேட்டால் 'மதுரை' என்று சொல்வது போல.

எங்கள் பெரியம்மா நினைவுக்கு வந்தாள். இடி இடித்து மழை பெய்த மறுநாள் மடி நிறையக் காளான் கொண்டு வந்து தெருவுக்கே பங்கு வைப்பாள். எப்படிக் கழுவ வேண்டும், எதைத் தொடக்கூடாது, எல்லாம் சொல்லித் தருவாள். எங்கே பறித்தாய் என்று கேட்டால் மட்டும், "அந்தப் பக்கம்."

அக்டோபர் 25, வெள்ளி

டென்வரிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வண்டி. வழியில் ரைஃபிள் என்றே ஒரு ஊர், அங்கே வடக்கே திரும்பி மீக்கர். வேட்டை உரிமம் பெரியவருக்குத்தான். வசந்த காலத்தில் முழங்கால் அறுவை செய்துகொண்டவர், இந்த வருடம் சுமக்க ஆள் வேண்டும். ஆகவே நான். துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. ஆனாலும் எனக்கும் ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி மாட்டிவிட்டார். துப்பாக்கிப் பருவத்தில், அதாவது துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உள்ள நாட்களில், வேட்டைக்காரர்கள் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஆரஞ்சோ பிங்க்கோ போட்டே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். கல்யாண மண்டபத்து சீரியல் செட் மாதிரி இருக்கிறேன்.

பெட்ரோல் பங்கில் எல்லாரும் எல்லாரிடமும் பேசுகிறார்கள். பனி எந்த உயரத்தில் விழுந்திருக்கிறது, எந்தச் சாலை சேறு, பனியில் சக்கரத்துக்கு மாட்டும் சங்கிலி யாரிடம் கூடுதலாக இருக்கிறது. எங்கே கூடாரம் போடப்போகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பெரியவரின் காகித வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். முப்பது வருடமாக வருகிறாராம், ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

இரண்டாம் துப்பாக்கிப் பருவம் இன்று தொடக்கம். இருட்டிலேயே ஏறினோம். ஒன்பது மணிக்கு என் பின்கழுத்தில் காற்று ஜில்லென்று பட்டது. ஓகோ, சுகமாக இருக்கிறதே என்று நினைத்தேன். எதிர்ச் சரிவில் படுத்திருந்த ஆறு எல்க் ஒரே நேரத்தில் எழுந்து மரங்களுக்குள் போய்விட்டன. என் வாசனைதான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒரு தடவை கெடுத்தால்தான் இது வரும்" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 27, ஞாயிறு

பனி. சீட்டாட்டம். தோற்றேன்.

பக்கத்துக் கூடாரத்தில் விஸ்கான்சினிலிருந்து அண்ணன் தம்பி இருவர். போன வருடம் வெறுங்கையோடு திரும்பியவர்கள். இரவு எங்கள் விறகு அடுப்பருகே வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் தொப்பியில் ராக்கி மவுன்டன் எல்க் ஃபவுண்டேஷன் என்ற எல்க் பாதுகாப்பு அமைப்பின் சின்னம். தம்பி அதைப் பற்றிக் கேட்டான். 1984இல் மொன்டானாவின் ட்ராய் என்ற ஊரில் நாலு வேட்டைக்காரர்கள் ஆரம்பித்தது என்று தொடங்கிய பேச்சு, நள்ளிரவுவரை போனது. இணைசேரும் பருவம் முடிந்த ஆண் இப்போது களைத்திருக்கும், கத்தாது, தனியாகக் கிடக்கும். வடக்குப் பார்த்த சரிவின் இருட்டுக் காட்டில் தேடு, பக்கத்திலேயே புல்லும் தண்ணீரும் இருக்க வேண்டும். மற்றவன் விழுந்த மரங்களைப் பார்த்துத் திரும்பிப் போகிற இடத்தில் நீ உள்ளே போ. சுடும் முன் கொம்பை எண்ணு: ஒரு கொம்பில் நாலு முனையாவது இருக்க வேண்டும், இல்லை கண்ணுக்கு மேலே முளைக்கும் புருவக் கிளை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும்.

எந்தச் சரிவு என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள் (29 காலையில் எழுதுகிறேன்)

இரவு ஏழரைக்குத் தம்பி தலைவிளக்கோடு வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு, கூடவே பயம். அவன் சுட்ட ஆண் எல்க் மூன்று மைல் தள்ளி ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. அண்ணனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

பெரியவர் என்னைப் பார்த்தார். "முதுகு சும்மாதானே இருக்கிறது?"

தன் இறைச்சிப் பைகளையும் இரண்டு கத்திகளையும் தம்பியிடம் கொடுத்தார். ஃப்ளாஸ்க்கில் சூப் ஊற்றித் தந்தார். "கத்தியைத் திருப்பித் தர வேண்டாம், எனக்கு இனி எதற்கு இத்தனை?"

போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். உரிமச் சீட்டில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு எல்க்கோடு கட்டியிருந்தான், நல்ல பையன். வயிற்றைத் திறக்காமலே அறுக்கும் முறை: ஒருக்களித்துக் கிடக்கிற உடம்பில் முதுகுத்தண்டு ஓரமாகத் தோலைக் கீறி உரித்து, முன்னங்கால், பின்தொடை, முதுகுக் கறி என்று ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுப் புரட்டிப் போட வேண்டும். என் வேலை காலைப் பிடித்துக்கொள்வது. ஆண்தான் என்பதற்கான அடையாளத்தை ஒரு பின்தொடையோடு விட்டு வைக்க வேண்டும். வழியில் அதிகாரி நிறுத்தினால் காட்ட. தோலோடு அப்படியே விட்டுவிட்டால் இந்தப் பனியிலும் இடுப்பு எலும்போரம் உள்சூட்டில் கறி கெட்டுவிடுமாம், அதனால்தான் இந்த ராத்திரி அவசரம். கிளைகளில் வெள்ளைப் பைகளாகத் தொங்கவிட்டோம்.

எலும்போடு ஒரு பின்தொடை முப்பது கிலோவுக்கு மேல். அதை முதுகில் கட்டிக்கொண்டு, விழுந்துகிடக்கும் ஸ்ப்ரூஸ் மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தேன். இது பாதுகாக்கப்பட்ட வனம், கைவண்டிச் சக்கரம்கூட உள்ளே வரக்கூடாது. முருகா, முருகா என்று நான் முனக, அது ஏதோ எண்ணிக்கை என்று தம்பி நினைத்துக்கொண்டான். கூடாரம் வந்தபோது மணி மூன்று. பெரியவர் தூங்காமல் அடுப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் காலுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

மீதியை எடுக்கப் போகும் வழியில், இரண்டு குதிரைகளோடு முன்பின் தெரியாத ஒருவர். என்ன ஏது என்று விசாரித்தார், ஒரு வார்த்தை பேசாமல் குதிரைகளைத் திருப்பினார். அவருடைய அரை நாள் வேட்டை போச்சு. எல்லாவற்றையும் ஏற்றிக் கீழே கொண்டு வந்து இறக்கினார். தம்பி நூறு டாலர் நீட்டினான்.

"பணம் வாங்கினால் தொழில். தொழில் என்றால் பதிவு பண்ண வேண்டும். அந்த வம்பு எனக்கு எதற்கு?" ஒரு காபி மட்டும் குடித்தார். பெயர்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. போனில் சிக்னல் இல்லை, அம்மாவிடம் பேச முடியவில்லை. எண்ணெய் இல்லை, குளியலே இல்லை.

இரும்பு வாணலியில் பெரியவர் கொண்டு வந்த போன வருடத்து எல்க் கறியை, நான் கொண்டு வந்த மிளகைத் தட்டிப் போட்டு வறுத்தேன். தம்பியின் கறியை உடனே தொடக்கூடாது. எல்க்குக்கு மூளையை அரிக்கும் ஒரு தீராத நோய் வருகிறது. 1967இல் இதே கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூட மான்களிடம்தான் முதலில் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வந்த பிறகு சாப்பிடு என்பது பெரியவர் கட்சி.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் நொண்டிக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்து வந்து வைத்தான். முன்தொடை ஒன்று முழுசாக. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: உரிம எண், தேதி, கையெழுத்து. கறியைத் தானம் கொடுத்தாலும் இங்கே கணக்கு வேண்டும். எங்கள் ஊரில் தீபாவளிக்கு ஆடு வெட்டிக் கூறு போடும்போது பூவரச இலையில் வைத்துத் தருவார்கள், இங்கே சீட்டு.

அப்புறம் என் உள்ளங்கையில் ஒரு பல்லை வைத்தான் தம்பி. எல்க்கின் மேல்தாடையில் இப்படிப்பட்ட பல் இரண்டே இரண்டு, தந்தம் போலவே இருக்கும். க்ரோ என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண்கள் இவற்றை வரிசை வரிசையாக உடையில் தைத்துக்கொள்வார்கள். நூறு வருடத்துக்கு முன் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடவென்றே எல்க்கைக் கொன்று, பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. இரண்டில் ஒன்று தனக்கு, ஒன்று எனக்காம்.

பெரியவருக்கு இந்த வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை.

நவம்பர் 16, சனி

விஸ்கான்சினிலிருந்து குறுஞ்செய்தி: சோதனையில் நோய் தென்படவில்லை. கறியை வெட்டி ஆறு கூறு போட்டேன். பெரியவர் வீட்டுக்குப் பெரிய கூறு. "சின்னதைக் கொடு" என்று சண்டை போட்டுவிட்டுப் பெரியதையே வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 18, திங்கள்

அலுவலகத்தில் புதுப் பையன் ஒருவன் என் மேசையில் அந்தப் பல்லைப் பார்த்துவிட்டான். அடுத்த வருடம் முதல் தடவை போகப்போகிறானாம். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் காற்று, வடக்குச் சரிவு, விழுந்த மரம், உரிமச் சீட்டு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பொடிப் புட்டியையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

"அந்த ஆண் எங்கே கிடைத்தது?" என்றான்.

"ஃப்ளாட் டாப்ஸ்" என்றேன்.