சேர்வராயன் மலைப் படங்கள்: ஒரு தொகுப்பின் நாட்குறிப்பு

மே 11, 2024 – அஸ்தம்பட்டி, சேலம்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் பெரியப்பா எடுத்த பிலிம் ஸ்லைடுகளையும், பின்னாளில் நான் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவற்றையும் ஒரே தொகுப்பாக்கும் வேலையை இன்று தொடங்கினேன். பறவை, பூச்சி, பூ என்று உயிரின வாரியாகக் கோப்புறை பிரிப்பதே எளிது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிரினத்தின் பெயர் மாறக்கூடியது. ஸ்ட்ரெப்டோபீலியா பேரினத்தில் இருந்த புள்ளிப்புறாவை இன்று ஸ்பைலோபீலியாவில் வைக்கிறார்கள். எடுத்த நாளும் இடமும் ஒருபோதும் மாறுவதில்லை. ஆகவே கோப்புறைகள் ஆண்டு, மாதம், இடம் என்ற வரிசையில் அமையும். பெயர், குடும்பம், செய்கை ஆகியவை படத்துக்குள்ளேயே குறிச்சொற்களாகப் பதியும். கேமரா இடும் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால், எல்லாக் கோப்புகளின் பெயருக்கு முன்னாலும் தேதியைச் சேர்த்துவிட்டேன்.

மே 14

ஸ்லைடுகள். சிலவற்றின் அட்டைச் சட்டத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கின்றன. அது பிலிம் கழுவிய மாதமே தவிர, படம் எடுத்த மாதம் அல்ல என்பதால் "இதற்கு முன்" என்றே குறித்துக்கொண்டேன். இடம் தெரியாதவற்றைப் பெரியப்பாவிடம் காட்டினேன். ஒரு ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பின்னால சில்வர் ஓக் வரிசையா நிக்குது பாரும்மா, இது நாகலூர்ப் பக்கம், மஞ்சக்குட்டைன்னு எழுதிடாதே" என்றார். பறவையை மட்டும் வெட்டி எடுத்துவைக்கும் வழக்கம் எவ்வளவு இழப்பு என்பது அப்போது விளங்கியது. வெட்டிய படம் எத்தனை அழகாக இருந்தாலும், மூலப் படம் முழுதாக இருக்க வேண்டும்.

மே 19

இன்று முழுவதும் வண்ணத்துப்பூச்சிகள். கறிவேப்பிலை அழகியின் பெண் மூன்று உருவங்களில் வரும்: ஒன்று ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைத் திட்டு வரிசை கொண்டது, மற்ற இரண்டும் ரோஜா அழகியையும் சிவப்புடல் அழகியையும் அச்சு அசலாக ஒத்திருப்பவை. அந்த இரு வேற்று இனங்களின் புழுக்களும் ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளைத் தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றை ஒதுக்கும். நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்த வேடத்தில் தப்பிக்கிறது. இறக்கையை மட்டும் பார்த்துப் பிரித்தால் மூன்று இனங்களும் கலந்துவிடும். உடலைப் பார்க்க வேண்டும். திரையில் பெரிதாக்கியபோது, சிவப்புடல் அழகியின் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பாகத் தெரிந்தன. அடுத்த படத்தில் இறக்கையில் அதே சிவப்புப் புள்ளிகள் இருந்தும் உடல் முழுக்கக் கறுப்பு; அது கறிவேப்பிலை அழகியின் பெண். இரண்டும் ஒரே உண்ணிச்செடிப் புதரில் எடுத்தவை. "பெண், வேட உருவம்" என்ற குறிச்சொல்லைத் தனியே உருவாக்கினேன், இந்த ஒற்றுமையைப் பின்னால் தேடிப் பார்க்க விரும்புவோருக்கு உதவும் என்று.

மே 20

குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் எடுத்தவற்றுக்கு "கூண்டில்" என்றும், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்தில் எடுத்த ஆர்க்கிடுகளுக்கு "வளர்ப்பு" என்றும் குறியிட்டேன். இல்லையேல் வேறு மலையிலிருந்து கொண்டுவந்து வளர்த்த செடியும் சேர்வராயன் மலையின் செடியாகப் பதிவாகிவிடும்.

மே 26

மஞ்சள் தொண்டைச் சின்னான் படங்களைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தென்னிந்தியாவின் பாறைச் சரிவுப் புதர்களில் மட்டும் வாழும் இப்பறவையைப் பறவையியலாளர் ஜெர்டன் 1845-இல் அறிவியலுக்கு விவரித்தார். இன்று இது அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெண்புருவச் சின்னானோடு குழம்ப வேண்டியதில்லை: அதற்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு உண்டு, இதற்குத் தலையும் தொண்டையும் மஞ்சள். பிறருக்குக் கொடுக்கும் பிரதிகளில் இதன் இருப்பிடத்தை "சேர்வராயன் மலை" என்பதோடு நிறுத்தி, கோப்புக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிட்டேன். கூடு கட்டும் பாறைக்குக் கேமராவோடு கூட்டம் வந்து நிற்பதைவிட, ஆர்வலர் ஒருவர் முகவரி கிடைக்காமல் ஏமாறுவது எனக்குச் சம்மதம்.

மீதமிருப்பவை குளிர்கால வலசை வரும் கதிர்க்குருவிகள். குரலைக் கேட்காமல் படத்தை மட்டும் வைத்து அவற்றில் பலவற்றை இனம் பிரிக்க இயலாது. ஊகப் பெயரை எழுதிவைத்தால் அடுத்தவர் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வார். ஆகவே அவற்றுக்குக் குடும்பப் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு "இனம் உறுதியாகவில்லை" என்று மட்டும் எழுதினேன்.