கிலோவா, பவுண்டா?

போன முகூர்த்தத்துக்கு முந்தின நாள், கானாடுகாத்தானில் அக்கா மகனின் சமையல் சாமான்களைச் சின்ன யானையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "கயிறு கட்டியாச்சு மாமா" என்றான். ஏறி அண்டாவைப் பிடித்து உலுக்கினேன். பக்கவாட்டில் அசையவில்லை, முன்பக்கம் அசைந்தது. இன்னொரு கட்டு போடச் சொன்னேன்.

விமானப்படையில் சரக்கு விமானத்தில் வேலை பார்த்த பழக்கம் அது. பிரேக் பிடித்தால் சாமான் முன்னால்தான் பாயும். அமெரிக்கர்களின் சி-130 சரக்கு விமானத்தில், சரக்கின் எடையைப் போல 3 மடங்கு விசை முன்னால் தள்ளினாலும் அசையாதபடி சங்கிலி போடுவார்கள். பின்பக்கத்துக்கு ஒன்றரை மடங்கு போதும். 2009 அக்டோபரில் ஆக்ராவில் இரு நாட்டு விமானப்படைகளும் நடத்திய 'கோப் இந்தியா' கூட்டுப் பயிற்சியில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நம் படைக்கு அந்த விமானம் 2011இல்தான் வந்தது.

நான் ஏஎன்-32 என்கிற சரக்கு விமானத்து ஆள். அதன் பின்கதவு வயிற்றுக்கு அடியில் நகர்ந்துகொள்ளும். லாரியை நேராகப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தலாம். அவர்களுடையதில் கீழ்ப்பாதி சாய்தளமாக இறங்கும், மேல்பாதி உள்ளே ஏறிக்கொள்ளும். செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம், உலகப் போர்க்கால ஓடுதளத்தில் சைக்கிள் பழகிய எனக்கு அன்று கண்கொள்ளாக் காட்சி.

ஆனால் நான் மறக்காதது வேறு. ஒரு பெட்டியின் எடையை அமெரிக்கர்கள் கேட்டார்கள். சீட்டில் 900 என்று எழுதிக் கொடுத்தேன். எங்களுடையது சோவியத் விமானம், எல்லாம் கிலோக் கணக்கு. அவர்களுக்குப் பவுண்டு. 900 பவுண்டு என்றால் 408 கிலோதான். எடை எங்கே எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் விமானத்தின் சமநிலையைக் கணக்குப் போட முடியாது. அதுவும் பாராசூட்டில் சரக்கை இறக்கும்போது, பாரம் வாலை நோக்கி வழுக்கிப் போகப் போக மூக்கு மேலே தூக்கும். விமானி அதை எதிர்பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுடைய லோட்மாஸ்டர், அதாவது விமானத்தில் சரக்குக்குப் பொறுப்பானவர், எழுதத் தொடங்கி, பெட்டியை ஒருமுறை பார்த்தார். பென்சிலை வைத்துவிட்டு "கிலோவா?" என்று கேட்டார். எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது.

அந்தப் பயிற்சியின் மையமே பேரிடர் உதவி. வெள்ளமோ பூகம்பமோ வந்த ராத்திரியில், யாருடைய சாமானோ யாருடைய விமானத்திலோ ஏறும். அப்போது நின்று கேட்க நேரம் இருக்காது. கூட்டுப் பயிற்சி எதற்கு என்று யாராவது கேட்டால், இந்தச் சீட்டைத்தான் சொல்வேன்.

வண்டி கிளம்பும் முன் அக்கா மகன் பலசரக்குச் சீட்டை நீட்டினான். முதல் வரி, 'அரிசி 60'.

"படியா, கிலோவா?" என்றேன்.

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தான்.