102 டிகிரி, ஏழு ரவுண்டு

நவம்பர் 11, திங்கள்
காய்ச்சல் 102. இருந்தாலும் இரவு 9 மணிக்குப் போனோடு செஸ் ஆட உட்கார்ந்துவிட்டேன். லிச்செஸ் என்ற இணையதளத்தில் சுவிஸ் முறைப் போட்டி. தினம் ஒரு ரவுண்டு, மொத்தம் ஏழு. முதல் நாளே ஓடினால் கேவலம்.

23 பேர். ரேட்டிங்படி வரிசைப்படுத்தி, பட்டியலை நடுவில் வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளோடு கீழ்ப் பாதியின் முதல் ஆளைக் கோத்துவிடுகிறது. நான் 17. எனக்கு ஆறாம் நம்பர். கடைசியில் நின்ற 23க்கு ஜோடி இல்லை, அதனால் ஆடாமலே ஒரு புள்ளி. போர்வைக்குள் கிடந்தவளுக்குப் பொறாமையாக இருந்தது.

22ஆவது நகர்த்தலிலேயே டிரா கேட்க நினைத்தேன். லிச்செஸ் சுவிஸில் 30 நகர்த்தல் ஆகாமல் டிரா ஒத்துக்கொள்ள வழியில்லை. பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்காக வைத்த விதி, காய்ச்சல்காரி மாட்டிக்கொண்டேன். பல் கிட்டிக்க இன்னும் எட்டு. 31இல் கேட்டேன், ஒத்துக்கொண்டார். ஆறாம் நம்பரிடம் அரைப் புள்ளி!

நவம்பர் 12
தோல்வி. கண்ணுக்குப் பின்னால் வலி.

நவம்பர் 13
ரத்தத்தில் என்எஸ்1 பாசிட்டிவ், டெங்குதான். தட்டணு (பிளேட்லெட்) 1,42,000. அம்மா எங்கிருந்தோ பப்பாளி இலை கொண்டுவந்து அரைத்துவிட்டாள். அந்தக் கசப்பு நாக்கில் இருக்கும்போதே ஆடி, அதிலும் தோல்வி. நாக்-அவுட் என்றால் நேற்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதில் யாரையும் அனுப்புவதில்லை. தோற்கத் தோற்க, நம்மைப் போலவே தோற்றுக்கொண்டிருக்கும் இன்னொருவரைத் தேடிப் பிடித்து எதிரே உட்காரவைக்கிறது. ஒருவிதத்தில் கருணை. இன்னொருவிதத்தில் ரொம்ப அவமானம்.

ஆறாம் நம்பர் ஜெயித்துவிட்டார். 2.5.

நவம்பர் 14
78,000. அட்மிட். ஆடவில்லை. பூஜ்யம்.

நவம்பர் 15
காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போகலாமா" என்றேன். டாக்டர் சிரித்தார். காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாளாம். 41,000. ரத்தக் கசிவு இல்லாதவரை தட்டணு ஏற்ற வேண்டியதில்லை என்றார். அவர் பார்ப்பது அந்த எண்ணைக்கூட இல்லை, பிபியையும், ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் பிசிவியையும்தான். எனக்கும் அம்மாவுக்கும் அந்த ஒரு எண்தான்.

இரவு ஜோடிப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு எதிரே யாரும் இல்லை. 'பை', அதாவது ஆடாமலே ஒரு புள்ளி. கடைசியில் கிடக்கிறவர்களில் இதுவரை பை வாங்காதவள் நான்தான் போலிருக்கிறது. திங்கட்கிழமை எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ அது கிடைத்துவிட்டது. கொஞ்சமும் சந்தோஷமில்லை. ஸ்கோர் 1.5. அதில் ஒன்று தானமாக வந்தது.

ஆறாம் நம்பர் 4.5.

நவம்பர் 16, சனி
38,000. உடம்பு தேறியது போலத்தான் இருக்கிறது, எண் மட்டும் இறங்குகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை "சாப்பிடுங்க" என்றார்.

தம்பி வந்தான். கையில் பிரியாணி, அவனுக்கு. "உன்னோடது என்ன சுவிஸ், அக்கா, நத்தை மாதிரி. எங்க கவுண்டர்-ஸ்ட்ரைக் வீடியோ கேமோட மேஜர் போட்டில பாரு. 16 டீம். மூணு ஜெயிச்சா உள்ளே, மூணு தோத்தா வெளியே." எத்தனை ஆட்டம் என்று கேட்டால் தெரியவில்லை அவனுக்கு. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே போட்டேன். முதல் மூன்று ரவுண்டு எட்டெட்டு. அதற்குள் இரண்டு அணி உள்ளே, இரண்டு வெளியே, மிச்சம் 12, ஆகவே ஆறு. அப்புறம் மிச்சம் ஆறு அணி, மூன்று ஆட்டம். 33. "சரி, உனக்கு நல்லாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

1895இல் சூரிச்சில் முதன்முதலாக இந்தச் சுவிஸ் முறையில் செஸ் நடத்தியபோது எல்லாம் காகிதத்தில்தானே போட்டிருப்பார்கள். யார் யாரோடு ஏற்கெனவே ஆடியாயிற்று, யாருக்கு எத்தனை முறை கறுப்பு என்று. நினைத்தாலே தலை சுற்றுகிறது. அல்லது சாப்பிடாததாலா?

ஆறாவது ரவுண்டு. வலது கையில் டிரிப்ஸ், இடது கட்டைவிரலால் ஆட்டம். ராணியைத் தூக்கிப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிட்டேன், குதிரை அடிக்கிற கட்டம். எதிராளி பார்க்கவில்லை! ஐந்து நகர்த்தல் கழித்து ராஜினாமா செய்ததும் அவர்தான். 2.5. கடைசி வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் டிரிப்ஸ் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறார்களோ என்னவோ.

தூக்கம் வராமல், புள்ளி சமமானால் யார் மேலே என்று பார்க்கும் டை-பிரேக் கணக்கு. சொன்னபார்ன்-பெர்கர். நாம் ஜெயித்தவர் கடைசியில் எடுக்கும் புள்ளி முழுசாக நமக்குச் சேரும், டிரா செய்தவருடையது பாதி. தோற்றவரிடமிருந்து ஒன்றும் கிடையாது. அப்படியானால் ஆறாம் நம்பர் ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் எனக்கு அரை. திங்களோடு முடிந்த ஆட்டம், சனிக்கிழமையும் ஏறிக்கொண்டிருக்கிறது. இனி அவரோடு மோதவும் முடியாது, ஒரு போட்டியில் ஒரே ஜோடி இரண்டு முறை வராது. 12 மணிக்குத் திறந்து பார்த்தேன். இன்றும் ஜெயித்துவிட்டார். 5.5. அதில் பாதி எனக்கு, 2.75.

12.40க்கு மறுபடி பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 17
52,000! அம்மா வராண்டாவில் நின்று அத்தைக்குப் போன் போட்டுப் பப்பாளி இலைக்கே முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டாள். போகட்டும்.

இரவு 8.50. எனக்கு வெள்ளை. ஆறாம் நம்பர் முதல் பலகையில். சார்ஜ் 11 சதவீதம், சார்ஜரைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.