பாட்டியின் கால் பங்கு: அண்ணாமலை நகரில் வீடு வாங்கிய அனுபவம்

சிதம்பரத்தில் ஒன்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்த பிறகு, 2022 ஆவணியில் நானும் என் மனைவியும் சொந்த வீடு தேடத் தொடங்கினோம். 2023 ஆனியில் பத்திரம் பதிவானது. இந்தப் பத்து மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே ஊரிலோ இதைப் போன்ற கல்லூரி ஊர்களிலோ பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

ரயில் பாதைக்கு மேற்கே கோயிலும் நான்கு தேர் வீதிகளும் இருக்கின்றன. கிழக்கே 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதைச் சுற்றி வளர்ந்த அண்ணாமலை நகரும் இருக்கின்றன. கிழக்குப் பக்கத்து வீடுகளில் பல, பல்கலைக்கழக ஆசிரியர்களும் அலுவலர்களும் சிறுகச் சிறுகச் சேமித்துக் கட்டியவை. கீழே உரிமையாளர் குடும்பம், மாடியில் மாணவர்கள் என்பதே வழக்கமான அமைப்பு. 2013இல் பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு, மிகையாக இருந்த ஊழியர்கள் பலர் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். ஓய்வு பெற்றவர்களில் பலரோ சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். ஆகவே இங்கே விலைக்கு வருகிற வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடாகவே இருக்கிறது. அதன் சொந்தக்காரர்கள் நான்கைந்து ஊர்களில் சிதறி இருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரின் கையெழுத்தையும் ஒரே பத்திரத்தில் சேர்ப்பதற்குத்தான் எங்களுக்குப் பத்து மாதங்கள் ஆயின.

தரகர் ஆவணி மாதத்திலேயே ஆறு வீடுகளைக் காட்டினார். அவற்றில் ஒன்று இருவருக்கும் பிடித்திருந்தும், ஐப்பசி மழை வரும்வரை முன்பணம் கொடுப்பதில்லை என்று என் மனைவி உறுதியாக இருந்தார். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட இந்தக் களிமண் பூமியில் தண்ணீர் எளிதில் இறங்காது. அதோடு, சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அது சற்று உயர்ந்துவிடுவதால், 1980களில் தெருவைவிட இரண்டடி மேலே கட்டிய வீடுகள்கூட இன்று தெருவுக்குச் சமமாகவோ தாழ்வாகவோ நிற்கின்றன. வெயில் காலத்தில் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை காலை குடையோடு அந்தத் தெருவுக்குப் போய் நின்றோம். எதிர் வீட்டு அம்மா எங்களை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். முப்பது ஆண்டுகளாக அதே தெருவில் இருப்பவர், கணவர் பல்கலைக்கழகத்தில் நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். "2015 வெள்ளத்துலயே அந்த வீட்டுக்கு ரெண்டாவது படி வரைக்கும்தான் தம்பி தண்ணி வந்தது, உள்ள வரல. தெருக்கோடி வீட்டை மட்டும் வாங்கிடாதீங்க" என்றார். தெருக்கோடி வீட்டையும் தரகர் எங்களுக்குக் காட்டியிருந்தார், அதன் விலையும் மூன்று லட்சம் குறைவு. அந்தக் காரணத்தை எந்தப் பத்திரத்திலும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

நாங்கள் பார்த்த வீட்டைக் கட்டியவரைப் பற்றிப் பேச்சுவாக்கில் அந்த அம்மாவே இன்னொன்றும் சொன்னார்: "சார் போனப்ப அவர் அம்மா இருந்தாங்க. மகன் போன துக்கத்துல ரெண்டு வருஷம் அந்தத் திண்ணையை விட்டு நகரல, பாவம்." அன்று அது ஒரு குடும்பத்தின் துயரமாக மட்டுமே என் காதில் விழுந்தது. அதில் வீட்டின் கால் பங்கு அடங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தோம். மனையை 1986இல் வாங்கி வீடு கட்டியவர் 2014இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, அமெரிக்காவில் இருக்கும் மகன், திருச்சியில் இருக்கும் மகள் என்று மூவர் பெயரோடு வாரிசுச் சான்று இருந்தது. சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நானே பார்த்தேன். பழைய ஆண்டுகளுக்கு மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கினோம். அடமானம் எதுவும் இல்லை. தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் மூலப் பத்திரம், அசலாக இருந்தது. பட்டா மட்டும் இறந்தவர் பெயரிலேயே இருந்தது. எல்லாம் சரி என்று எழுதித் தரும் நிலைக்கு வந்த வழக்கறிஞர், கடைசியாக, "அவர் இறந்தபோது அவருடைய தாயார் இருந்தாரா சார்?" என்று கேட்டார். திண்ணையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்த பாட்டியைப் பற்றிச் சொன்னேன்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் முதல் வகை வாரிசுகளில் மனைவி, மக்களோடு அவருடைய தாயும் சம பங்குக்காரர். பாட்டி 2016இல் காலமானார். குடும்பத்தார் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்ததோ 2018இல். அப்போது உயிரோடு இருந்த மூவரின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இதில் வஞ்சனை எதுவும் இல்லை, பெரும்பாலானோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 2014இல் மகன் இறந்த கணத்திலேயே பாட்டிக்குக் கால் பங்கு வந்துவிட்டது. பாட்டி இறந்தபோது அந்தக் கால் பங்கு அவருடைய மற்றொரு மகனுக்கும், மகளுக்கும், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதாவது கும்பகோணத்தில் இருக்கும் சித்தப்பாவும் சீர்காழியில் இருக்கும் அத்தையும் வீட்டில் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு உடையவர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கியிருந்தால், பின்னொரு நாள் அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்க முடியும். வாரிசுச் சான்றில் பெயர் இல்லை என்பதால் அவர்கள் உரிமை இல்லாமல் போகாது. அந்தச் சான்று உரிமையைத் தீர்மானிக்கும் ஆவணம் அன்று.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. கணவர் தன் சம்பளத்தில் கட்டிய வீட்டில் மைத்துனருக்கும் நாத்தனாருக்கும் என்ன உரிமை என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுபுறம், சாகும்வரை அந்தத் திண்ணையில் இருந்த தாய்க்கும் நியாயம் இருந்தது. விலை 48 லட்சம்; அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு 4 லட்சம் வரும். ஒரு மாதம் வரை யாரும் யாரிடமும் பேசவில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்று நாங்களும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

வழி காட்டியவர் மறுபடியும் எதிர் வீட்டு அம்மாதான். "மார்கழித் தேருக்கு எல்லாரும் வருவாங்க தம்பி, அதுவரைக்கும் பொறுங்க" என்றார். ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் தேர் ஓடும்போது, வெளியூரில் வாழும் சிதம்பரத்துக்காரர்கள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். தேர் பார்த்த அன்று மாலை எதிர் வீட்டுக் கூடத்தில் மூன்று தரப்பாரும் உட்கார்ந்தார்கள், மகன் அமெரிக்காவிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்தார். நூலகர் ஐயா ஒரு தாளில் பங்குகளை எழுதிக் காட்டினார். அத்தை பணத்தைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. தன் தாயின் பெயரைச் சான்றில் விட்டுவிட்டதுதான் அவருக்கு வருத்தம். அதற்கு வீட்டுக்கார அம்மா மன்னிப்புக் கேட்டபோது அங்கிருந்த எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. பாட்டிக்கும் தனியே வாரிசுச் சான்று வாங்குவது, அத்தையையும் சித்தப்பாவையும் விற்பவர்களாகவே பத்திரத்தில் சேர்ப்பது என்று அன்றே முடிவாயிற்று. தை மாதம் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம்.

அடுத்தது அமெரிக்க மகனின் பங்கு. இந்த இடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விலை 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் வருமான வரிப் பிடித்தம் கிடையாது என்று தரகர் சொன்னது, விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் மட்டுமே பொருந்தும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்பு இல்லை. அவருக்குத் தந்தை வழியில் கால் பங்கு, பாட்டி வழியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு, ஆக இருபத்து நான்கில் ஏழு, 14 லட்சம். அன்றைய விதிப்படி நான் அதில் 20.8 விழுக்காடு, அதாவது 2,91,200 ரூபாய் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்குபவர் மீதே விழும். ஆனால் உண்மையான லாபத்தின் மீதான வரி இதைவிடக் குறைவு என்பதால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றை விற்பவர் வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். 2001 ஏப்ரல் 1ஆம் நாள் மதிப்பை அடிப்படையாக வைத்து அவருடைய ஆடிட்டர் விண்ணப்பித்து, சில வாரங்களில் அந்தச் சான்று கிடைத்தது. என் பங்குக்கு, வரி பிடிப்பவருக்கு வருமான வரித்துறை தரும் டான் எண்ணை நான் வாங்கினேன். பிடித்த தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்தினேன். வெளிநாட்டில் வசிப்பவரிடம் பிடித்த வரியைக் கணக்குக் காட்டும் 27க்யூ படிவமும் அந்தக் காலாண்டுக்குத் தாக்கல் செய்தேன். இதன் விகிதங்கள் பின்னர் மாறியிருக்கின்றன; ஒப்பந்தம் போடும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

மகன் நேரில் வர முடியாததால் தன் தங்கைக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தார். இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்பிய அந்தப் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். ஏற்கெனவே சண்டையும் சமாதானமுமாக நாள் போயிருந்த நிலையில், தபால் வந்த மறுநாளே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அதை முடித்தோம்.

இவ்வளவு தாமதத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. 2023 பங்குனியில் பதிவுக் கட்டணம் நான்கு விழுக்காட்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பான வழிகாட்டி மதிப்பை அப்போதே உயர்த்தினார்கள் என்றாலும், நாங்கள் கொடுத்த முழு விலையையும் பத்திரத்தில் காட்டியதால் அந்த உயர்வு எங்களைத் தொடவில்லை. முத்திரைத் தீர்வை ஏழும் கட்டணம் இரண்டுமாக ஒன்பது விழுக்காடு, 4,32,000 ரூபாய். முன்பே பதிந்திருந்தால் 5,28,000 ஆகியிருக்கும். விலையைக் குறைத்துக் காட்டினால் தீர்வை மிச்சமாகும் என்று அறிவுரை சொன்னவர்கள் உண்டு. பங்கு பிரிக்கும் வீட்டில் ஒரு ரூபாயும் கணக்குக்கு வெளியே போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஐந்து கணக்குகளுக்கும் வங்கி வழியாகவே பணம் சென்றது.

பதிவு நாளன்று டோக்கன் வாங்கி, புகைப்படம், கைரேகை எல்லாம் முடிய மதியம் ஆயிற்று. கட்டடக் கள ஆய்வுக்குப் பிறகே பத்திரம் கைக்கு வந்தது. மாலையில் சாவியைக் கொடுத்தபோது, கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று அத்தை தயங்கித் தயங்கி எங்களிடம் கேட்டார், அது பாட்டியுடையது. சீர்காழிக்கு ஒரு சிறிய சரக்கு வண்டி பிடித்து, நானும் மாடியில் குடியிருந்த மாணவர்கள் இருவரும் அதை ஏற்றிவிட்டோம். படிப்பு முடியும்வரை அந்த மாணவர்கள் அதே வாடகைக்கே இருக்கட்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம்.

பட்டா இறந்தவர் பெயரில் இருந்ததால் தானாக மாறவில்லை. இரண்டு வாரிசுச் சான்றுகளோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரை இரண்டு முறை பார்த்த பிறகு எங்கள் பெயருக்கு வந்தது. சொத்து வரியையும் மின் இணைப்பையும் மாற்ற ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அவ்வாண்டு ஐப்பசியில் இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு நாள் விடியற்காலை, கதவைத் திறந்து படிகளைப் பார்த்தேன். தண்ணீர் முதல் படியை நனைத்துக்கொண்டு நின்றது. எதிர் வீட்டு அம்மா தன் வாசலிலிருந்து, "உள்ள வராது தம்பி, போய்த் தூங்குங்க" என்றார்.