எத்தனை பேரில்?

சுவாச வைரஸ் கண்காணிப்பில் வாராந்திர அறிக்கை தொகுப்பது என் வேலை. சளி, காய்ச்சல் சீசன் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இந்த வாரம் எத்தனை பாசிட்டிவ்?" நான் முதலில் பார்ப்பது பரிசோதனைக்கு மொத்தம் எத்தனை மாதிரி வந்தது என்பதைத்தான்.

போன வாரம் 200 மாதிரி, அதில் 40 இன்புளூயன்சா, அதாவது ஃப்ளூ, என்று வையுங்கள். இந்த வாரம் 50 மாதிரி, 20 இன்புளூயன்சா. எண்ணிக்கை பாதியாகிவிட்டது, அப்பாடா என்று தோன்றும். விகிதமோ 20 சதவீதத்திலிருந்து 40-க்கு ஏறியிருக்கிறது. சரி, அப்படியானால் நோய் இரட்டிப்பானதா? அதுவும் நிச்சயமில்லை. நீண்ட விடுமுறை வந்தால் லேசான இருமல்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், முடியாதவர்கள்தான் வருவார்கள். இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

யாரிடம் மாதிரி எடுப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. ஃப்ளூவைத் தேட உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரையறை இது: 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள். இதை வைத்து ஆர்எஸ்வி என்ற இன்னொரு சுவாச வைரஸைத் தேடினால் கைக்குழந்தைகளும் முதியவர்களும் நழுவிவிடுவார்கள். அவர்களில் பலருக்குக் காய்ச்சலே வராது. அதனால் ஆர்எஸ்வி கண்காணிப்பில் காய்ச்சலைக் கட்டாயமாக்கவில்லை.

மருத்துவமனைப் பக்கமே வராதவர்களைக் கழிவுநீர் காட்டிக்கொடுக்கும்; அதில் கலந்திருக்கும் வைரஸை அளந்து பார்க்கலாம். ஆனால் மழைநீர் கலந்தால் எல்லாம் நீர்த்துப்போகும். அதைச் சரிக்கட்ட, மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸையும் சேர்த்து அளப்பதுண்டு. நாம் சாப்பிடும் மிளகாயோடு வயிற்றுக்குள் போய், நம்மை ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். மனிதக் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அளவுகோல். எனக்குப் பிடித்த வைரஸ் என்று ஒன்று இருந்தால் இதுதான்!

இன்புளூயன்சா பி-யின் யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையாகப் பரவியதாக உறுதியான பதிவு இல்லை. தடுப்பூசியில் அது இனித் தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு சொன்னது. அப்படிச் சொல்ல முடிந்ததே, தேடிப் பார்த்து 'இல்லை' என்று வந்த ஏராளமான மாதிரிகளால்தான்.

மாதிரி அனுப்பும் மையங்களோடு எனக்கு ஓயாத மல்லுக்கட்டும் இதில்தான். அவர்கள் அனுப்பும் அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக வந்தால் பரிசோதித்து ஒன்றும் கிடைக்கவில்லையா, பரிசோதிக்கவே இல்லையா, அனுப்ப மறந்தார்களா, எப்படித் தெரியும்? கேட்டால், "ஒண்ணும் இல்ல, அதான் எழுதல" என்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் 0 போடுங்கள். அப்புறம், எத்தனை பேரில் 0 என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.